பிளட் டெஸ்டுக்குப் போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தாருக்கு ஒரு வழிகாட்டி

இரத்தம் எடுக்கிற வேலை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த மூன்று நிமிடத்துக்காக விடியக் காலையில் எழும்பி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, கடைசியில் "தேத்தண்ணி குடிச்சிட்டிங்களா? அப்ப நாளைக்கு வாங்கம்மா" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புகிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். வாகரையில் இருந்தோ, வெல்லாவெளியில் இருந்தோ, திருக்கோவிலில் இருந்தோ வருகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. அதைவிட மோசம், திருப்பி அனுப்பாமல் இரத்தத்தை எடுத்துவிட்டு, பிழையான ரிப்போர்ட்டுக்குக் குளிசை கூட்டப்படுவது. இரண்டையும் தவிர்க்கிற வழி கிட்டத்தட்ட முழுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

1. துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

டொக்டர் தந்த துண்டில் சுருக்கெழுத்துகள்தான் இருக்கும். அடிக்கடி வருகிறவை இவை.

எஃப்.பி.எஸ். என்றால் வெறும் வயிற்றுச் சீனி. குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். பி.பி.பி.எஸ். என்றால் சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்துப் பார்க்கிற சீனி. எச்.பி.ஏ.1சி. கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைச் சொல்வது, அதற்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம். லிப்பிட் புரொஃபைல் கொழுப்புப் பரிசோதனை, பெரும்பாலும் 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு கேட்பார்கள். எஃப்.பி.சி. இரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பியும் அழற்சி, கிரியேட்டினின் சிறுநீரகம், எஸ்.ஜி.பி.டி. ஈரல், டி.எஸ்.எச். தைரொயிட். இந்தக் கடைசி வரிசையில் உள்ள எதற்கும் வெறும் வயிறு கட்டாயம் இல்லை.

ஒரே துண்டில் ஐந்து பரிசோதனை இருந்து, அதில் ஒன்று மட்டும் வெறும் வயிறு கேட்டால், எல்லாவற்றையும் அதே காலையில் கொடுத்துவிடுங்கள். ஒரே குத்தில் முடியும்.

டொக்டரின் அறையை விட்டு வெளியே வருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: வெறும் வயிற்றோடு வர வேண்டுமா? காலைக் குளிசையைப் போடலாமா? ரிப்போர்ட் எந்த நாளுக்குள் வேண்டும்? டொக்டர் அவசரத்தில் இருந்தால் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேளுங்கள். வெளியே வந்து மருந்துக் கடைப் பொடியனிடம் கேட்பதில் பலன் இல்லை.

2. எங்கே செய்வது, என்ன செலவாகும்

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலையும், களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆஸ்பத்திரிகளும், அம்பாறை மாவட்டத்தில் அம்பாறைப் பொது வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அக்கரைப்பற்று ஆஸ்பத்திரி ஆகியவையும் பலருக்குத் தெரிந்த இடங்கள். ஆனால் எல்லா இடத்திலும் எல்லாப் பரிசோதனையும் நடக்காது. சீனி, எஃப்.பி.சி. போன்றவை சின்ன இடத்திலும் நடக்கும். ஹோர்மோன் பரிசோதனைகளுக்குப் பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள்.

இன்னொன்று: அரசாங்க லேப் பொதுவாக அந்த ஆஸ்பத்திரி டொக்டர் எழுதிய துண்டுக்குத்தான் இரத்தம் எடுக்கும். தனியாரிடம் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, காட்டிய டொக்டரின் துண்டோடு போய் நின்றால் ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) திரும்பக் காட்டச் சொல்வார்கள். அதைத் தெரிந்துகொண்டு போனால் கவுண்டரில் வாக்குவாதம் தேவையில்லை.

"மருந்து முடிஞ்சு போச்சு, வெளியில செய்து கொண்டு வாங்க" என்று சொல்லப்படுவதும் உண்டு. இங்கே மருந்து என்பது லேப் மெஷினுக்கு ஊற்றுகிற இரசாயனம். அப்படிச் சொன்னால் துண்டில் உள்ள எல்லாவற்றையும் வெளியே செய்ய வேண்டாம். எது இல்லை என்று கேட்டு அதற்கு மட்டும் வட்டம் போட்டு வாங்குங்கள். மிச்சத்தை உள்ளேயே கொடுத்துவிடலாம். அவசரமில்லாத பரிசோதனை என்றால் அடுத்த கிளினிக் வரை தள்ளிப் போடலாமா என்றும் கேட்கலாம்.

தனியார் லேப்பில் விலை இடத்துக்கு இடம் மாறும், ஆனால் எது மலிவு, எது கூட என்கிற வரிசை பெரும்பாலும் மாறாது. தனிச் சீனி, எஃப்.பி.சி. இரண்டும் மலிவான பக்கம். கிரியேட்டினின், எஸ்.ஜி.பி.டி. அதற்கு அடுத்தபடி. லிப்பிட், எச்.பி.ஏ.1சி. அதற்கு மேலே. தைரொயிட் இன்னும் கூட. விட்டமின் டி போன்றவைதான் பேர்ஸைக் காலியாக்கும். காசு கட்டுமுன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை கேளுங்கள், பில்லும் அப்படியே பிரித்து வாங்குங்கள். எஃப்.பி.சிக்கும் டெங்கைக் கண்டறிகிற அன்டிஜன் பரிசோதனைக்கும் அரசாங்கம் வர்த்தமானியில் உச்ச விலை குறித்திருக்கிறது. காய்ச்சல் காலத்தில் வழமையை விடக் கூடக் கேட்டால் அதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்தால் வருகைக் கட்டணம் வேறாக வரும். படுக்கையில் உள்ள முதியவருக்கு ஓட்டோ பிடிக்கிற செலவோடு ஒப்பிட்டால் அது பெரிசில்லை.

"முழு உடம்பு செக்கப்" என்று இருபது முப்பது பரிசோதனையைச் சேர்த்து விற்கிற பெக்கேஜ்களில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. தேவையில்லாத பரிசோதனையில் சின்ன வித்தியாசம் ஒன்று வந்தால், அதைத் துரத்திக்கொண்டு இன்னும் மூன்று பரிசோதனைக்கு அலைய வேண்டி வரும். வருத்தம் ஒன்றும் இல்லை, சும்மா பார்த்து வைக்க வேண்டும் என்பவர் 35 வயதைத் தாண்டியிருந்தால், முதலில் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் எந்த நாளில் நடக்கிறது என்று விசாரியுங்கள். சீனி, பிரஷர், உடல் நிறை எல்லாம் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

- துண்டு, கிளினிக் கொப்பி
- அடையாள அட்டை, பிள்ளைக்கு என்றால் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, கர்ப்பிணிக்கு என்றால் மிட்வைஃப் தந்த அட்டை
- பழைய ரிப்போர்ட்டுகள்
- இப்போது போடுகிற குளிசைகளின் மட்டை
- தண்ணீர்ப் போத்தல், இரத்தம் எடுத்த பிறகு சாப்பிட ஏதாவது

பெயர்தான் எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி வருகிற சிக்கல். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், கிளினிக் கொப்பியில் இன்னொன்று, லேப் ரிப்போர்ட்டில் மூன்றாவது. ஒருவர் வீட்டுப் பெயரைச் சொல்வார், ஒருவர் தகப்பன் பெயரை முன்னுக்குப் போடுவார். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பது எங்களுக்குப் புதினமும் இல்லை. அடையாள அட்டையை நீட்டி "இதில் உள்ளபடியே எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். குழாயில் ஸ்டிக்கர் ஒட்டும்போது பெயரையும் வயதையும் எட்டிப் பாருங்கள். வயது பிழைத்தாலும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வயதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

போன் நம்பர் கேட்டால் உங்கள் நம்பரைக் கொடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியின் நம்பரைக் கொடுத்தால் ரிப்போர்ட் வட்ஸ்அப்பில் அவருக்குப் போகும்.

4. வெறும் வயிறு என்றால்

இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாக.

தண்ணீர் குடிக்கலாம். குடிக்கவும் வேண்டும். இரவு முழுக்கத் தண்ணீரும் குடிக்காமல் வந்தால் இரத்த நரம்பு சுருங்கி, இரண்டு மூன்று தரம் குத்த வேண்டி வரும். காலையில் எழும்பியதும் இரண்டு டம்ளர் வெறும் தண்ணீர் குடியுங்கள். ஆனால் வெறும் தண்ணீர் மட்டும். சீனி போடாத பிளேன்டீ, கொத்தமல்லித் தண்ணி, கோப்பி, இளநீர், வெந்தயம் ஊறிய தண்ணி எதுவும் கூடாது. வெற்றிலை, சுருட்டு, சிகரெட், சுவிங்கம் ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் சேரும். பல் தீட்டலாம்.

நேரக் கணக்கு இப்படி. இரவு 8 மணிக்குச் சாப்பிட ஆரம்பித்து 8.30க்கு முடித்தால், காலை 7.30க்கு 11 மணி நேரம் ஆகிறது. சீனிக்கும் கொழுப்புக்கும் இரண்டுக்கும் பொருந்தும். வழமையான சாப்பாட்டையே சாப்பிடுங்கள். முதல் நாள் கலியாண வீட்டுப் பிரியாணியோ சாராயமோ போனால் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு ஏறி நிற்கும். அப்படி ஒரு விசேஷம் வந்தால் பரிசோதனையை இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள்.

கூடப் பட்டினி கிடப்பதும் பிழை. பின்னேரம் 6 மணிக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு, மறுநாள் 10 மணிக்கு இரத்தம் கொடுத்தால் 16 மணி நேரம். உடம்பு தானாகவே சீனியை விடத் தொடங்கி, கொழுப்பின் கணக்கும் குழம்பும். 14 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். படுவான்கரையில் இருந்து பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, பஸ் மாறி வருகிறவர்கள் இதைப் பார்த்தே இரவுச் சாப்பாட்டு நேரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். 10 மணிக்குத்தான் கவுண்டருக்கு வந்து சேர முடியும் என்றால், இரவு 9.30க்குச் சாப்பிடுங்கள்.

பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, பாகற்காய் சாறு குடித்து ரிப்போர்ட்டை "நல்லாக" எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எஃப்.பி.எஸ். ஏமாறும், எச்.பி.ஏ.1சி. ஏமாறாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற டொக்டருக்கு விஷயம் விளங்கிவிடும்.

நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்தவர்களுக்கு ஒரு சொல். விடியுமுன் சாப்பிடுகிற ஸஹர் சாப்பாட்டில் இருந்து 8 மணி நேரம் என்றால் மத்தியானம் ஆகிவிடும், அந்த நேரத்தில் பல லேப்புகளில் இரத்தம் எடுப்பது முடிந்திருக்கும். சாப்பாட்டுக்குப் பிந்திய சீனியோ பகலில் செய்யவே முடியாது. ஆகவே நோன்புக்கு முந்திய கிளினிக்கிலேயே டொக்டரோடு பேசி நாளை ஒழுங்கு பண்ணுங்கள், நோன்பில் குளிசை போடுகிற நேரத்தையும் அப்போதே கேளுங்கள். இரத்தம் கொடுத்தால் நோன்பு முறியுமா என்பதை உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்வதுதான் சரி.

5. காலைக் குளிசை

சீனி வருத்தத்துக்கான குளிசையையோ இன்சுலினையோ வெறும் வயிற்றில் எடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டாம். சீனி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு அங்கேயே விழுந்தவர்கள் இருக்கிறார்கள். டொக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், கையோடு கொண்டு போய், இரத்தம் எடுத்த பிறகு சாப்பாட்டோடு எடுங்கள். வரிசையில் நிற்கும்போது இந்த அறிகுறிகள் வந்தால் பரிசோதனையை மறந்துவிட்டு உடனே சீனி கலந்த ஏதாவது குடியுங்கள். பரிசோதனையை நாளைக்கும் செய்யலாம்.

பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு வழமைபோலப் போடலாம். தைரொயிட்டுக்காகத் தைரொக்சின் போடுகிறவர்கள் இரத்தம் கொடுத்த பிறகு போடுவது நல்லது. இரும்புச் சத்து அளவு பார்க்கிறார்கள் என்றால் முந்திய 24 மணி நேரம் இரும்புக் குளிசை வேண்டாம். முடி கொட்டாமல் இருக்கப் போடுகிற பயோட்டின் தைரொயிட் ரிப்போர்ட்டைப் பிழையாகக் காட்டக் கூடியது, குறைந்தது இரண்டு நாளைக்கு முன் நிறுத்துங்கள். வார்ஃபரின், அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமைக் குளிசைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதைப் போடுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

நாட்டு வைத்தியரின் கஷாயம், அரிஷ்டம், லேகியம் எடுத்தால் அதையும் சொல்லுங்கள். சில டொக்டர்மார் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. ஈரல், சிறுநீரக ரிப்போர்ட்டில் காரணம் தெரியாமல் எண் ஏறினால் அவர்கள் தேடப் போவது அதைத்தான்.

6. எந்த நாள், எத்தனை மணிக்கு

அரசாங்க ஆஸ்பத்திரியில் வழமையான இரத்தம் எடுப்பது காலையில்தான். வேளைக்கே போனால் வேளைக்கே திரும்பலாம். போயா (பௌர்ணமி) தினத்திலும் அரசாங்க விடுமுறையிலும் கிளினிக் நடக்காது. கலண்டரைப் பார்க்காமல் போய்க் கேற்றில் நிற்கிறவர்கள் மாதா மாதம் இருக்கிறார்கள். கிளினிக் நாளுக்கு ஒரு வாரத்துக்கு முன் கொடுப்பது நல்ல கணக்கு, ரிப்போர்ட் கைக்கு வரவும் நேரம் இருக்கும், எண்களும் பழசாகாது.

கொழும்பு லேப்புகளுக்கு எங்கள் ஊர்களில் இரத்தம் சேர்க்கும் கிளைகள் உண்டு. அங்கே எடுக்கிற எல்லாமே அங்கேயே பார்க்கப்படுவதில்லை, சிலது கொழும்புக்குப் போய்த்தான் வரும். சீனி, எஃப்.பி.சி. அன்றைக்கே கிடைக்கலாம். ஹோர்மோன், விட்டமின் போன்றவைக்கு ஓரிரு நாளும் அதற்கு மேலும் ஆகலாம். கிருமி வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் என்றால் ஐந்து நாள் வரை பிடிக்கும். காசு கட்டும்போதே "எந்த நாள், எத்தனை மணிக்கு" என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

வயலில் இருந்து நேரே போய்க் கிரியேட்டினினுக்கு இரத்தம் கொடுக்காதீர்கள். வெட்டுக் காலத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்று உடம்பு காய்ந்திருக்கும்போது அந்த எண் சற்று ஏறித் தெரியும். முதல் நாள் ஆறுதலாக இருந்து, தண்ணீர் குடித்து, இறைச்சியை அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மகாஓயா, தெஹியத்தகண்டிப் பக்கம் சிறுநீரக வருத்தம் கூட என்பதால் அந்தப் பக்கத்து விவசாயிகள் கிரியேட்டினினோடு சிறுநீரில் அல்பியூமின் என்ற புரதமும் பார்க்கக் கேட்பது பயன்.

7. கதிரையில் இருந்த பிறகு

சட்டைக் கை முழங்கைக்கு மேலே ஏறக் கூடியதாக இருக்கட்டும். மேற்கையில் ரப்பர் பட்டி கட்டுவார்கள், முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவிப் பார்த்து, ஸ்பிரிட் துடைத்து, அது காய்ந்த பிறகு குத்துவார்கள். காய முன் குத்தினால்தான் எரியும். ஊசியும் சிறிஞ்சும் உங்கள் முன்னாலேயே உறை பிரிக்கப்பட வேண்டும். பிரிக்காவிட்டால் கேளுங்கள், அதில் யாரும் கோபப்பட ஒன்றும் இல்லை.

கையைப் பொத்தச் சொன்னால் பொத்தி வைத்திருங்கள், திரும்பத் திரும்பப் பொத்தித் திறக்காதீர்கள். அப்படிச் செய்தால் தசையில் இருந்து பொட்டாசியம் வெளியேறி, இல்லாத வருத்தம் ரிப்போர்ட்டில் தெரியும். பட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கமாக இருந்தாலும் எண்கள் மாறும்.

குழாய்களின் மூடி நிறத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஊதா மூடி எஃப்.பி.சிக்கும் எச்.பி.ஏ.1சிக்கும், சாம்பல் மூடி சீனிக்கு, சிவப்பு அல்லது மஞ்சள் கொழுப்பு, சிறுநீரகம், ஈரல் போன்றவைக்கு, இளநீலம் இரத்தம் உறைகிற நேரம் பார்க்க. சாம்பல் குழாயில் சீனி கரையாமல் காக்கிற மருந்து இருக்கிறது. அது இல்லாத குழாயில் இரத்தம் மணிக்கணக்கில் கிடந்தால், அணுக்கள் சீனியைத் தின்று எண் குறைந்து வரும். தூரத்து லேப்புக்குப் போகிற சீனி இரத்தம் சாம்பல் மூடியில்தான் போக வேண்டும் என்பதை நீங்களும் தெரிந்து வைத்திருங்கள்.

நாலு குழாய் நிறைவதைப் பார்த்து "இவ்வளவு ரெத்தமா?" என்று கேட்கிறவர்கள் பலர். ஒவ்வொன்றிலும் 2 முதல் 5 மில்லிலீட்டர், எல்லாம் சேர்த்தாலும் மூன்று நாலு தேக்கரண்டி. இரத்த தானத்தில் எடுப்பது ஏறத்தாழ 450 மில்லிலீட்டர்.

மயக்கம் வருகிற ஆள் என்றால் முன்கூட்டியே சொல்லிப் படுத்திருந்து கொடுங்கள். மார்பில் ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கை, டயாலிசிஸுக்காக நரம்பு இணைத்த கை, சேலைன் ஏறுகிற கை ஆகியவற்றில் எடுக்க விடாதீர்கள். குத்தும்போது விரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் வலித்தால் உடனே சொல்லுங்கள், ஊசியை வெளியே எடுப்பார்கள்.

எடுத்த பிறகு பஞ்சை வைத்துக் கையை நீட்டியபடியே மூன்று நிமிடம் அழுத்துங்கள். வார்ஃபரின், அஸ்பிரின் போடுகிறவர்கள் ஐந்து நிமிடம். எல்லோரும் செய்கிற மாதிரி முழங்கையை மடக்கினால் இரத்தம் உள்ளே கசிந்து கறுப்பாகக் கன்றிப்போகும். கன்றினாலும் இரண்டு கிழமைக்குள் மறையும். அந்தக் கையால் அன்றைக்கு அரிசி மூட்டை தூக்காமல் இருந்தால் போதும்.

8. சாப்பிட்ட பிறகு பார்க்கிற சீனி

இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்தில் இருந்து. சாப்பிட்டு முடித்த நேரத்தில் இருந்து எண்ணுவதுதான் வழமையான பிழை. 8.00க்குப் பிட்டில் கை வைத்தால் 10.00க்கு இரத்தம் எடுபட வேண்டும், ஆகவே 9.45க்கே வந்து லேப் ஆளிடம் நேரத்தைச் சொல்லுங்கள். வீட்டில் சாப்பிடுகிற அளவையே சாப்பிடுங்கள், குளிசையையும் வழமைபோல் போடுங்கள். இடையில் வேறு ஒன்றும் தின்னவோ, கடைத்தெரு சுற்றவோ வேண்டாம். நடந்தால் சீனி இறங்கும்.

கர்ப்பிணிகளுக்கு வேறு முறை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். குடிக்க முன் ஒரு தரம், 1 மணி நேரத்தில் ஒரு தரம், 2 மணி நேரத்தில் ஒரு தரம் என மூன்று தரம் இரத்தம் எடுப்பார்கள். வழமையாக 24 முதல் 28 கிழமைக்குள். முந்திய மூன்று நாளும் சோற்றைக் குறைக்க வேண்டாம். குடித்ததை வாந்தி எடுத்தால் பரிசோதனை செல்லாது, மறைக்காமல் சொல்லி வேறு நாள் கேளுங்கள். குளுக்கோஸைக் கடையில் வாங்கிக் கொண்டு வரச் சொல்கிறார்களா என்று முதல் நாளே விசாரியுங்கள். துணைக்கு ஒருவர் வரட்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

9. காய்ச்சல் என்றால் கதை வேறு

மாரி மழையோடு டெங்கும் வரும். காய்ச்சலுக்கு வெறும் வயிறு, காலை நேரம் என்ற எந்தச் சட்டமும் இல்லை. காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். மூன்றாம் நாளுக்குள்ளாவது எஃப்.பி.சி. செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் முதல் நாளே டொக்டரிடம் போக வேண்டும். என்.எஸ்.1 அன்டிஜன் என்கிற டெங்குப் பரிசோதனை முதல் சில நாளில் மட்டும் பயன்படும், நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தம் இல்லை.

இரத்தம் உறைய உதவுகிற அணுக்களான பிளேட்லெட் வழமையில் ஒன்றரை இலட்சத்துக்கு மேலே. ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆக வேண்டும். பிளேட்லெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் பிழை. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்கிற பி.சி.வி. அல்லது எச்.சி.டி. என்ற எண் ஏறுவது இரத்த நரம்பில் இருந்து நீர் கசிவதைக் காட்டும், அது இன்னும் ஆபத்து. பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற வேளையில்தான் அந்த ஆபத்து வருகிறது. ஆகவே உடம்பு குளிர்ந்துவிட்டது என்று அடுத்த நாள் எஃப்.பி.சியை நிறுத்தாதீர்கள். பரசிற்றமோல் தவிர ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிக் குளிசை எதுவும் கூடாது.

வயலில் இறங்குகிறவருக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலையும் யோசிக்க வேண்டும். அதற்கான இரத்தப் பரிசோதனை முதல் சில நாளில் பிடிபடாமல் போகலாம். "சேற்றில் வேலை செய்தேன்" என்று டொக்டரிடம் சொல்வது அந்த நேரத்தில் பரிசோதனையை விடப் பெறுமதி. வெளிநாட்டில் இருந்து அண்மையில் வந்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள், மலேரியாவுக்கும் பார்ப்பார்கள்.

10. ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

முதலில் பெயர், வயது, திகதி. பிறகு அலகு. ஒரு லேப் சீனியை மில்லிகிராமில் தரும், இன்னொன்று மில்லிமோலில் தரும். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். 7 என்பது 126. "போன தரம் 130, இந்தத் தரம் 7, நல்லாக் குறைஞ்சிட்டு" என்று சந்தோசப்பட முன் இதைப் பாருங்கள்.

வீட்டு மெஷினில் விரலில் பார்த்த எண்ணும் லேப் எண்ணும் ஒன்றாக இராது. 15 சதவீதம் வரை விலகுவது வழமை. லேப்புக்கு லேப்பும் சற்று மாறும். தொடர்ந்து பார்க்கிற பரிசோதனைகளை முடிந்தவரை ஒரே லேப்பில் செய்யுங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் எச் (கூட) அல்லது எல் (குறைவு) என்று அடையாளம் இருந்தால் உடனே வருத்தம் என்று எடுக்க வேண்டாம். அந்த எல்லைகள் சுகமாக உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேரை வைத்துப் போடப்பட்டவை, மிச்ச ஐந்து பேர் சுகமாக இருந்தும் வெளியே நிற்பார்கள். இரத்தச் சோகை, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய், அண்மையில் இரத்தம் ஏற்றியது ஆகியவை எச்.பி.ஏ.1சியைப் பிழையாகக் காட்டும், அப்படி ஏதும் இருந்தால் டொக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள். பிளேட்லெட் திடீரென மிகக் குறைவாக வந்து, உங்களுக்கோ காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை என்றால், குழாயில் அணுக்கள் ஒட்டிக்கொண்டதால் மெஷின் பிழையாக எண்ணியிருக்கலாம். கண்ணாடித் தட்டில் வைத்து எண்ணிப் பார்க்கக் கேளுங்கள்.

லேப்பில் இருந்து "உடனே டொக்டரைக் காட்டுங்க" என்று போன் வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நடக்க முடியாத நிலை என்றால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சில லேப்புகள் ரிப்போர்ட்டைப் பில் அடிக்கிற வழுவழுப்புக் கடுதாசியில் தருகின்றன. அது சில மாதத்தில் வெளிறி ஒன்றும் தெரியாமல் போகும். வாங்கிய அன்றே போனில் படம் எடுங்கள், ஒரு போட்டோகொப்பி அடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். மத்திய கிழக்கு வேலைக்கான மெடிக்கலுக்கு மட்டும் இந்த ரிப்போர்ட் எதுவும் செல்லாது, அதற்கென்று அனுமதி பெற்ற மெடிக்கல் சென்டரிலேயே எல்லாவற்றையும் திரும்பக் கொடுக்க வேண்டும்.